மூன்று பத்து

தணிக்கைத் தாளில் ஏழாவது வரி:
வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்குக.
நீக்கினேன்.
யுகேந்திரன். பயனர் எண் ஆயிரத்து மூன்று.
எண்டர் தட்டியதும் அடுத்த வரியில்
கர்சர் மினுங்கியது, ஒன்றுமே நடக்காததுபோல்.
லினக்ஸின் சுபாவம் அது.
சொன்னதைச் செய்து முடித்தால் வாய் திறக்காது.

மூன்றாம் நாள், விடிகாலை நாலு மணி.
தவுக்கே ஊய் அழைத்தார்.
ஜெலுத்தோங் ஐஸ் ஃபேக்டரி வாசலில்
பதினோரு லோரி நிற்கிறதாம்.
யாருக்கு எத்தனை கட்டி என்று
திரை சொல்ல மாட்டேன் என்கிறதாம்.
"ஐந்நூற்று ரெண்டு, ஐந்நூற்று ரெண்டு"
நாலு நம்பர் முடிவை வாசிப்பவர்போல் வாசித்தார்,
ஓர் இலக்கம் குறைவாக.

ஃபார்லிமிலிருந்து மோட்டார்சைக்கிளில் போனேன்.
மழைக்கோட்டுக்குள்ளும் மழை.

சுவருக்கு அந்தப் பக்கம் டன் டன்னாய்க் குளிர்.
இந்தப் பக்கம், அரிசி மூட்டை அகல அறையில்
விசிறி அலற வெந்துகொண்டிருந்தது எங்கள் சர்வர்.
பதிவேட்டின் கடைசி நானூறு வரியும் ஒரே வாக்கியம்:
நூறு இணைப்பும் தீர்ந்துவிட்டது, இனி இல்லை.
சேவையை நிறுத்தினேன். கிளப்பினேன்.
லோரிகள் நகர்ந்தன. பத்து மாவுங் போகிற ஒருவன்
"பாஸ், மீன் காத்திருக்காது லா" என்று
என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

எழுந்துவிட்டது, சரி.
ஏன் விழுந்தது?

ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பைப் பிரித்தேன்.
நான் அழித்த வீட்டுக்குள் ஒரு க்ரான் வரி:
பத்து, மூன்று, நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.
எந்தத் தேதியோ எந்த மாதமோ எந்தக் கிழமையோ,
இரவு மூன்று பத்துக்கு
யாரும் அறியாமல் எல்லாவற்றையும்
ஒருமுறை தூங்கவைத்து எழுப்பியிருக்கிறான்.
மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்:
தொடாதே. ஏன்னு கேக்காதே.
மூணு பத்துக்கு எவனும் ஐஸ் வாங்க மாட்டான்.

கேட்டேன்.
நிரலை மேலிருந்து கீழே, கோப்பி ஓ ஆறும்வரை.
ஆர்டர் வந்தால் இணைப்பு திறக்கிறது,
எழுதுகிறது, மூடுகிறது. நல்லது.
ரத்தானால் திறக்கிறது,
எழுதுகிறது,
அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

ரத்து எப்போது வரும்?
படகு கடலுக்குப் போகாத இரவில்.

முதல் வருடம் தவுக்கே சொல்வார்:
மழை வந்தா கம்ப்யூட்டர் சாவும்.
நாங்கள் கூரையைப் பார்த்தோம், வயரைப் பார்த்தோம்,
பிளக்கை மாற்றினோம், உள்ளூரச் சிரித்தோம்.
பிறகு ஒருநாள் சாவது நின்றது.
பிளக்தான் என்று முடிவு கட்டினேன்.
இன்வாய்ஸில் பிளக்குக்கு முப்பது ரிங்கிட் போட்டதும் நான்தான்.

கதவை மூடாத அந்த வரியை எழுதியது யார்?
கிட்டிடம் கேட்டேன்.
கிட்டுக்குத் தாட்சண்யம் கிடையாது:
தமயந்தி. மார்ச் பதினாறு. இரவு பதினொன்று நாற்பது.
என் பெயர்.

அவன் அன்றே பார்த்திருக்க வேண்டும்.
அடுத்த மேசைதான். எழுப்பிக் காட்டியிருக்கலாம்.
காட்டியிருந்தால் நான்
மூன்று நாள் அவனோடு பேசியிருக்க மாட்டேன்,
அதுவும் தெரியும் அவனுக்கு.
ஒரு வரியைத் திருத்த வெட்கப்பட்டு
நாலு வருடம் இரவுக்கு இரவு
என் கதவுகளை மூடிக்கொண்டிருந்திருக்கிறது ஒரு கடிகாரம்.

மூடும் வரியைச் சேர்த்தேன். சோதித்தேன்.
நூறு ரத்து, ஆயிரம் ரத்து. எல்லாம் மூடிக்கொண்டன.
ஆனாலும் க்ரானில் அந்த ஐந்து குறியையும்
என் பெயரில் திரும்பத் தட்டினேன்.
தேவையில்லைதான்.

வெளியே ஐஸ் சறுக்கும் பலகையில்
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது,
மழையா உருகலா என்று பிரிக்க முடியாமல்.

ஆறு மணிக்கு அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
ஜொகூரிலிருந்து பாலம் தாண்டும் பஸ்ஸில் இருப்பான்.
ஒரே சொல்: பார்த்தேன்.

நீல டிக் விழுந்தது.
எதையோ தட்டினான், அழித்தான், தட்டினான்.
வந்தது:

அங்கே மழையா?